பொருள் சொன்னவள்

கப்பல் சமையல்காரர் தன் ஏழு சட்டைகளை வாங்க வந்தபோது அம்மா கடைசிச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. தேய்த்து முடித்த துணிகளை வீட்டுவாரியாகக் கட்டி வைப்பது என் வேலை. இஸ்திரிப் பெட்டிக்குள் கரி சிவந்திருந்தது. ஈரத்துணியில் பெட்டி படும்போதெல்லாம் எழும்பிய ஆவியில் அம்மாவின் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்தன. மூன்று வாரமாக அப்படித்தான். ஜெபக் கூட்டத்தில் ஆவி இறங்கி அந்நிய பாஷை வந்த நாளிலிருந்து, பாத்திரம் துலக்கும்போதும் எனக்குத் தலை பின்னும்போதும் சரியாக மூடாத குழாய் மாதிரி அவள் வாய்க்குள் அது ஒழுகிக்கொண்டே இருந்தது.

சமையல்காரர் சட்டைக்கட்டை வாங்க நீட்டிய கையோடு நின்றுவிட்டார்.

"இது என்ன பாஷைம்மா? நாங்க சரக்கு எறக்கப் போற ஒரு ஊர்ல, சனங்க இந்த மாதிரிதான் பேசிக்குவாங்க."

அம்மா பெட்டியைக் காலர் மேலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். துணி கருகும் வாசனை வந்து, நான் கத்திய பிறகுதான் எடுத்தாள். சமையல்காரர் சட்டை தீய்ந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரின் பெயரைச் சொன்னார். அம்மா சொல்லச் சொன்னதால் இன்னொரு தடவையும் சொன்னார்.

"இந்த மாதிரிதான்" என்றுதான் அவர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன். சாயங்காலம் அம்மா அதைக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னபோது "மாதிரி" இல்லை. கடைக்கும் கூட்டத்துக்கும் இடையில் நான்கு தெருக்கள். அந்தச் சொல் எந்தத் தெருவில் விழுந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

கூட்டம் என்றால் மணிக்கூண்டும் வர்ண ஜன்னலும் வைத்த கோவில் அல்ல. முன்பு தானிய மூட்டை அடுக்கிவைத்த ஒரு கிடங்கு. தரையில் இன்னும் உமி கிடந்தது. காலிப் பெட்டிகள் மேல் பலகை போட்டு உட்கார்ந்தோம். சுமை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்காரிகள், அப்பாவைப்போல் செருப்புத் தைப்பவர்கள், எங்கிருந்தோ வந்த ஒரு பணக்கார விதவை. வெளியே ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்காதவர்கள் எல்லாம் அங்கே ஒரே பலகையில் தொடை இடிக்க உட்கார்ந்து அழுதார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கேலியாக எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு இன்னும் நூறு பேர் வந்தார்கள்.

அந்த முதல் வருடங்களில் எல்லாரும் ஒன்றை நம்பினோம். இப்போது சொன்னால் சபையிலேயே சிரிப்பார்கள். வாயில் வரும் பாஷை வெறும் சத்தம் அல்ல. உலகத்தில் எங்கேயோ ஒரு சனம் பேசுகிற பாஷை. கர்த்தருடைய வருகை சமீபம். இலக்கணம் படித்து, அகராதி புரட்டி ஊழியத்துக்குப் போக நேரம் இல்லை. அதனால் அவரே பாஷையை நாக்கில் வைத்து அனுப்புகிறார். எந்த ஊர்ப் பாஷை என்று தெரிந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்ததும்.

"பாஷையே குடுத்தவரு சோறு குடுக்க மாட்டாரா?" என்றார் அப்பா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவருக்குப் பாஷை வந்ததில்லை. இரண்டு வருடமாக முழங்காலில் நின்று கேட்டும் வரவில்லை. மனைவிக்கு வந்ததைத் தனக்கு வந்ததுபோல் கொண்டாடுகிற மனுஷர். மறுநாளே தன் குத்தூசிகளையும் உளிகளையும் கூட வேலை செய்தவருக்குக் கொடுத்துவிட்டார். அங்கே செருப்பா தைக்கப்போகிறோம் என்றார்.

கப்பலில் முப்பத்தொரு நாள். பயணிகளில் ஒருவர், அந்த ஊருக்குப் போய்வந்த வியாபாரி, சில வார்த்தைகள் எழுதிய சின்னப் புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினார். தண்ணீர், வழி, எவ்வளவு, நன்றி. அப்பா மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வாங்குவது அவிசுவாசம். கல்யாண மண்டபத்துக்குப் போகிறவன் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவானா என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மீன் இறக்குகிற படித்துறையில் இறங்கினோம். காலை வேளை. கூடைக்காரிகள், கயிறு இழுப்பவர்கள், ஏலம் கூறுகிறவர். அம்மா மூன்றாவது படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா ஒரு கையில் என்னையும் ஒரு கையில் பெட்டியையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்மா வாயைத் திறந்தாள்.

கிடங்கில் கேட்டதைவிடத் தெளிவாக வந்தது. நான் அப்படி ஒரு அழகை அதற்கப்புறம் கேட்டதில்லை. ஏலம் நின்றது. கூடைகள் இறங்கின. எல்லா முகமும் அம்மாவின் பக்கம் திரும்பியது. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். தொலைந்த சாவியைத் தேடுகிறவர் சட்டைப்பைகளைத் தடவுவதுபோல. ஒரு கிழவி மேலே வந்து, காய்ச்சலா என்று அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பின்னாலிருந்து ஒருவன் ஏதோ கத்த, படித்துறையே குலுங்கிச் சிரித்தது.

அவன் கத்தியது என்ன என்று ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. "பானை கொதிக்குது, யாராச்சும் எறக்கி வைங்கப்பா!" அன்றிலிருந்து அந்த ஊரில் அம்மாவுக்குக் கொதிபானை என்று பெயர்.

"வேற தெருவா இருக்கும்," என்றார் அப்பா. வேறு தெருவுக்குப் போனோம். பிறகு வேறு பேட்டைக்கு. பிறகு ஆற்றைத் தாண்டி உட்புற ஊர்களுக்கு. பதினான்கு நாள் அம்மா பேசினாள். பதினைந்தாம் நாள் ஒரு சாவடியில் உட்கார்ந்து, வெடித்த பாதங்களைப் பார்த்துக்கொண்டே, "அவங்க காதுல ஏதோ அடைச்சிருக்கு போலங்க," என்றாள். அப்பா எழுந்து போனார். தண்ணீர் கொண்டுவந்து அவள் கால்களைக் கழுவினார். மறுநாள் படித்துறைக்கு எதிர்ச் சந்தில் ஒரு அறை பிடித்தார். யாரிடமோ கையைக் காட்டியே ஒரு குத்தூசி இரவல் வாங்கி, வாசலில் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்புவதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. திரும்பினால் யாரிடம் என்னவென்று சொல்வது?

எனக்குப் பாஷை குழாயடியில் வந்தது. முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "உன் குடத்தைத் தள்ளு". அடுத்தது ஒரு கெட்ட வார்த்தை. ஐந்து மாதத்தில் சண்டையே போடுவேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் தினமும் காலையில் படித்துறைக்குப் போனாள். பேசினாள். சிரித்தவர்கள் சிரித்துச் சலித்துவிட்டார்கள். அதுதான் மோசம். இரைச்சலோடு இரைச்சலாக அவளும் ஆகிவிட்டாள்.

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். படித்துறையை ஒட்டி, தட்டுத்தட்டாகப் பொத்தானும் கொக்கியும் நூல்கண்டும் விற்கிறவள். முப்பத்தெட்டு வயது இருக்கும். அம்மா பேசும்போது அவள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, மடியில் கைவைத்துக் கேட்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"பொண்ணே, உங்கம்மா என்னதான் சொல்றா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஊரில் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணில் ஈரம் இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழாதேன்னு சொல்றாங்க," என்றேன்.

பொத்தான்காரி உடனே அழுதாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே சந்துக்குள் ஓடினாள். "புரிஞ்சிடுச்சுங்க! ஒருத்திக்குப் புரிஞ்சிடுச்சு!" அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு அப்பா என்னைக் கேட்டார். "அவகிட்ட நீ என்ன சொன்னே?"

"அம்மா சொன்னதத்தான்."

"உனக்குப் புரியுதா?"

"ம்."

அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். அம்மா இடையில் புகுந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பேசுகிற வரம் ஒருத்திக்கு, பொருள் சொல்கிற வரம் இன்னொருத்திக்கு என்று வேதத்திலேயே இருக்கிறதே, நமக்குத்தான் தோன்றவில்லை என்றாள். எனக்கு அந்த அணைப்பு வேண்டியிருந்தது. ஊர்விட்டு வந்ததிலிருந்து அவள் என்னை அப்படித் தொட்டதில்லை.

மூன்று மாதத்தில் எங்கள் அறையில் முப்பது பேர் கூடினார்கள். அம்மா பேசுவாள், நான் பொருள் சொல்வேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் ஆரம்பத்தில் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அம்மாவின் குரல் ஏறும்போது நானும் ஏற்றுவேன், இறங்கும்போது இறக்குவேன். குடிகாரன் ஒருவன் நான் சொன்னதைக் கேட்டுக் குடியை விட்டான். பத்து வருடம் பேசாத அக்கா தங்கை இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது பொய்யா?

பொத்தான்காரிக்கு ஒரே மகன். சரக்குப் படகில் போயிருந்தான். வரவேண்டிய மாதம் தாண்டி நான்கு மாதமாகிவிட்டது. ஒரு கூட்டத்தில் அவள் முன்னால் வந்து முழங்காலில் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. அம்மா அவள் தலையில் கைவைத்தாள். அன்று வந்த பாஷை வேறு மாதிரி இருந்தது. வேகம் இல்லை. ஐந்தாறு சத்தங்கள், அவையே திரும்பத் திரும்ப, தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல் மெதுவாக. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொத்தான்காரியும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வருவான்," என்றேன். போதாது என்று பட்டது. "கதவைப் பூட்டாதே."

அன்று மாலையே அவள் பூட்டைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் அப்பாவிடம் பூட்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றபடி பேசினார். அப்பாவுக்கு அதற்குள் கொஞ்சம் வார்த்தைகள் பிடிபட்டிருந்தன. படகு, பாறை, எல்லாரும். குமாஸ்தா கையைக் கவிழ்த்துக் காட்டினார். இறந்தவர் பட்டியலில் இருந்த பெயர்களைச் சொன்னார், பொத்தான்காரியின் மகன் பெயரும் அதில் இருந்தது. அந்த அம்மா உங்கள் ஜெபத்துக்கு வருகிறவள்தானே, நாங்கள் போய்ச் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் தாங்குவாள் என்றார். அப்பா என் மூலமாகவே அவரை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கையைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவிடம் சொல்லவில்லை.

பொத்தான்காரியின் வீடு ஒரே அறை. கதவு திறந்திருந்தது. மகனுடைய சட்டையைத் துவைத்து மடித்து, அதில் அறுந்திருந்த ஒரு பொத்தானுக்குப் பதில் புதியதை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள். அப்பா உட்காரவில்லை.

"நான் சொல்றத அப்படியே சொல்லு பாப்பா," என்றார் எங்கள் பாஷையில். "உங்க பையன் போன படகு பாறையில மோதிடுச்சு. யாரும் பொழைக்கல. எங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. எங்க வீட்டுல சொன்னத நாங்க தப்பாப் புரிஞ்சுகிட்டோம். எங்கள மன்னிச்சிடுங்க."

அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினார். பொத்தான்காரி ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். நான் முதல் வாக்கியத்தை மனதில் கட்டினேன். வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். படகு தெரியும், பாறை தெரியும். சொன்னால் அவள் அழுவாள். அவள் அழுதால் அம்மா பொய்யாகிவிடுவாள். அம்மா பொய்யானால் நாங்கள் வந்தது, அந்த முப்பத்தொரு நாள், அப்பாவின் உளிகள், எல்லாம்.

"அப்பா சொல்றாங்க," என்றேன், "படகு வழி தவறிடுச்சாம். வர நாளாகுமாம். நீங்க கதவைப் பூட்ட வேண்டாமாம்."

பொத்தான்காரி சிரித்தாள். அப்பாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அந்த மாதிரிச் செய்திக்கு எந்த ஊரிலும் யாரும் சிரிப்பதில்லை. அது தெரிய பாஷை வேண்டாம்.

வரும் வழியில் பாதித் தூரம் அவர் முன்னால் நடந்தார். பிறகு நின்றார். "நான் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் கை என் தலைமேல் வந்தது. அடிக்கத்தான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்தக் கை அப்படியே கனத்துக்கொண்டு இருந்தது. வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

மூன்று வருடத்தில் அப்பா அந்த ஊர்ப் பாஷையை நன்றாகவே பேசினார். அவரே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். குமாஸ்தா சொன்னார், கூட இறந்த பையன்களின் தாய்மார் வந்து சொன்னார்கள். "உங்களுக்கு அப்படி, எனக்குக் கடவுள் வேற சொல்லியிருக்கார்," என்று அவள் எல்லாரையும் அனுப்பிவிட்டாள். ஒன்பது வயதுப் பெண் சொன்ன சொல் அத்தனை பேர் சொன்னதையும்விடக் கனத்தது. திறந்த கதவு வழியாக இரண்டு தடவை திருடன் வந்துபோனான். அப்போதும் அவள் பூட்டவில்லை. அப்பா கூட்டத்தில் முன்னால் உட்காருவதை விட்டுவிட்டார். வாசலில், எல்லாரும் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அறுந்த வார்களைத் தைத்துக் கொடுத்தார். நான்காம் வருடம் காய்ச்சல் வந்தது. மருந்து வேண்டாம் என்றார், அதிலேயே போனார். அந்த நாளில் எங்களில் பலர் அப்படித்தான், மருந்து தொடுவதை விசுவாசக் குறைவு என்று நினைத்தோம். அவர் வேண்டாமென்றது விசுவாசத்தாலா, வேறு எதனாலா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஜாக்கிரதையானேன். பயப்படாதே, பொறுத்திரு, மன்னித்துவிடு. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். ஆளைச் சொல்லவில்லை, நாளைச் சொல்லவில்லை. அறை சபையானது, சபைக்குக் கட்டடம் வந்தது. எங்கள் பழைய ஊரிலிருந்து சபை மூப்பர் ஒருவர் பார்க்க வந்தார். எங்களைப்போல் கிளம்பிப்போன இன்னும் பல பேரைப் பற்றி அவர் வாய்தவறிச் சொன்னார். எந்தெந்தத் துறைமுகத்திலோ இறங்கி, வாயைத் திறந்து, யாருக்கும் புரியாமல் நின்றவர்கள். சிலர் திரும்பிவிட்டார்கள். சிலர் காய்ச்சலில் போனார்கள். சிலர் சத்தமில்லாமல் உட்கார்ந்து அகராதி படித்தார்கள். அந்நிய பாஷை மனுஷர் பாஷை அல்ல, பரலோகத்தின் பாஷை என்று இப்போது போதிப்பதாகச் சொன்னார். எப்போது மாறியது என்று கேட்டேன். மாறவில்லை, எப்போதும் அப்படித்தான் என்றார். போன வருடம் ஒன்று சொன்னோம், இந்த வருடம் ஒன்று சொல்கிறோம் என்று யாரும் எழுந்து நின்று அறிவிக்கவில்லை. போனவர்களுக்குக் கடிதம் எழுதவும் இல்லை.

அம்மா எழுபத்தைந்து வயதில், மருத்துவமனைக் கட்டிலில், பகல் வெளிச்சத்தில் இறந்தாள். முந்தின நாள் என் கையைப் பிடித்துக் கேட்டாள். "உனக்கு நெசமாவே புரிஞ்சுதாடி?"

"புரிஞ்சுதும்மா."

"எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்ல." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை கூட. உனக்காச்சும் குடுத்தாரேன்னு இருந்துட்டேன். சில நாள் பொறாமையாக்கூட இருக்கும்."

அவளை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து நான் பொத்தான்காரியிடம் போனேன். எனக்கு நாற்பத்தொன்பது. அவளுக்கு எண்பதை ஒட்டி இருக்கும். படித்துறையில் இப்போது மீன் இறங்குவதில்லை, ஆனால் கடை அங்கேதான் இருந்தது. தட்டுகள் குறைந்திருந்தன. கண் மங்கியதால் பொத்தான்களை விரலால் தடவித்தான் பிரித்தாள், இரண்டு துளை தனி, நான்கு துளை தனி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் சொன்னது, கதவைப் பற்றிச் சொன்னது, அப்பா சொன்னது, அதை நான் மாற்றியது. அம்மாவின் பாஷை எனக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை என்பது. சொல்லி முடிக்கும்வரை அவள் விரல்கள் நிற்கவில்லை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். தெரியும் என்பாளோ என்றும் நினைத்தேன். அதைத்தான் ஆசைப்பட்டேன் என்று அந்தக் கணத்தில் தெரிந்தது.

அவள் விரல்கள் அப்போதுதான் நின்றன. பிறகு ஒரு பொத்தானை எந்தத் தட்டில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னது உன்னோட வார்த்தை. சரி." அவள் குரலில் கோபம் இல்லை, ஏதோ அவசரம் இருந்தது. "அப்போ உங்கம்மா எனக்குச் சொன்னது என்ன? தலையில கைவச்சு அவ்வளவு தரம் சொன்னாளே. அதை இதுவரைக்கும் யாருமே எனக்குச் சொல்லலியே."

"எனக்குத் தெரியாதும்மா. அவங்களுக்கே தெரியாது."

"சத்தம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நாற்பது வருடம் அது என்னை விட்டதே இல்லை. துணி மடிக்கும்போது, படி ஏறும்போது, சபையில் மற்றவர்கள் கையைத் தூக்கிப் பேச நான் மட்டும் வாயை மூடி நிற்கும்போது. எனக்கு வரம் வந்ததில்லை. அப்பாவைப்போலவே.

"பொருள் சொல்லாத," என்றாள் அவள். "அதை மட்டும் சொல்லு."

நான் சொன்னேன். என் வாயில் அம்மாவின் ஐந்தாறு சத்தங்கள் கரடுமுரடாக வந்தன. பொத்தான்காரி தட்டுக்கு மேல் குனிந்து, காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். இன்னொரு தரம் என்றாள். மெதுவா என்றாள். மூன்றாம் தடவை அவளும் கூடவே சொல்ல ஆரம்பித்தாள். புதிதாக எழுத்துக் கற்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக, தப்பாக, நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து. கோட்டுக்குப் பொத்தான் வாங்க வந்த ஒருத்தி, நூல் தொங்கும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்தபடி, எங்கள் இருவருடைய வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.